பங்களா ஈச்சையைத் தின்ற நீலப் பூச்சி

புக்கிட் பெருந்துங் மண்டபத்தில் நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் ஒன்றுகூடலுக்கு நான் வரமாட்டேன். வாட்சாப்பில் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். முதல் இரண்டு முறை உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அது பொய். முழங்கால் வலி ஒன்றுதான் எனக்கு, அது நம் வயதில் எல்லோருக்கும் இருப்பது.

தினமும் காலையில் நீங்கள் அனுப்பும் நம் பழைய ரப்பர் தோட்டத்துப் படங்களைப் பார்க்கிறேன். பால்வாளி, லயத்து வீட்டு வாசல், திருவிழாத் தேர், மங்கிப்போன பள்ளிக்கூடப் படம். அது பொற்காலம், அந்த ஒற்றுமை இனி வருமா என்று கீழே ஆளுக்கு ஒரு வரி. போன வாரம் உங்களில் ஒருவர், பெரிய கிராணி இன்னும் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டிவிட்டார், அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்து பொன்னாடை போர்த்துவோம் என்று எழுதினார். உடனே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீளமாக இருக்கும். பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடுங்கள்.

நாம் நான்காம் வகுப்பு படித்த வருஷம். ஆண்டுக் கடைசி மழை ஓய்ந்து வெயில் ஏறிய ஐந்தாறு வாரங்கள். எல்லாம் அந்த வாரங்களில்தான் தொடங்கியது.

லம்பத்து மணல் உங்களுக்கு நினைவிருக்கும். ஈயம் தோண்டி எடுத்துவிட்டுச் சீனன் போட்டுவிட்டுப் போன வெள்ளை மணல், தொரை பங்களா இருந்த மேட்டுக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடந்தது. புவியியல் பாடத்தில் பாலைவனம் என்று வாத்தியார் சொன்னதிலிருந்து நாம் அதைப் பாலைவனம் என்றுதான் சொன்னோம். நண்பகலில் செருப்பில்லாமல் கடக்க முடியாது. ஓரத்தில் தொட்டாற்சிணுங்கி, நடுவில் ஒன்றும் கிடையாது. குட்டைத் தண்ணீர் கசிந்து மணல் ஈரமாக இருக்கும் இடத்தில் மட்டும் சின்னப் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வண்ணத்துப்பூச்சி என்று சொல்லக்கூட முடியாத அளவு. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உட்கார்ந்திருக்கும்போது மணலைப் போலச் சாம்பல் நிறம், கறுப்புப் புள்ளிகள். கிட்டப் போனால் எல்லாம் ஒன்றாக எழும்பும். அப்போதுதான் இறக்கையின் உள்பக்கம் தெரியும். ஊதா கலந்த நீலம். நீங்கள் ஓடிப்போய்க் கலைத்து விளையாடினீர்கள். நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பின் இறக்கையின் நுனியில் முடி மாதிரி ஒரு வால். அதற்குப் பக்கத்தில் செம்மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் பொட்டு.

என் அப்பாவுக்குப் பங்களாவில் பூச்செடி பார்க்கும் வேலை. அம்மா பால் வெட்டினார். பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சோறு எடுத்துப்போவது என் வேலை. மணலைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் பங்களாப் பாதை. இரு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு செடிகள். கட்டையான கரிய அடிமரம், உச்சியில் ஈச்சமரத்தைப் போல விரிந்த ஓலை. சைக்கஸ் என்று இப்போது தெரியும். அப்பா பங்களா ஈச்சை என்பார். பழைய தொரை ஒருவர் நட்டதாம். மற்றச் செடிகளைப் போல அது நாளும் வளராது. மாதக்கணக்கில் சும்மா நிற்கும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு, உச்சியிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு கட்டுத் தளிர் எழும்பும். சுருண்டு, இளம்பச்சையாக, பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் விரிந்து முற்றிவிட்டால் கத்தி வேண்டும், கை வைக்க முடியாது.

அந்த வருஷம் பன்னிரண்டும் ஒரே வாரத்தில் தளிர்விட்டன. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பெனியின் பெரிய ஆட்கள் லண்டனிலிருந்து வருவதாக இருந்தது. அவர்கள் கார் அந்தப் பாதையில்தான் ஏறும்.

"பாரு பாப்பா, தொரை பாத்தா அசந்துருவாரு" என்றார்.

அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் தளிரைப் பார்த்தேன். மணலில் பார்த்த அதே நீலப் பூச்சி ஒன்று சுருள் நுனியில் உட்கார்ந்து, வயிற்றை வளைத்துத் தொட்டுவிட்டு அடுத்த தளிருக்குப் போயிற்று. அது தொட்ட இடத்தில் ஊசிமுனை அளவு வெண்பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நல்ல கண் இருந்தால்தான் தெரியும். எனக்கு அப்போது நல்ல கண்.

மூன்றாம் நாள் முட்டை வெறும் ஓடாக இருந்தது. தளிரில் நகத்தால் சுரண்டியது போலச் சின்னக் கோடுகள். ஐந்தாம் நாள் புழுக்களைக் கண்டுபிடித்தேன். பச்சைத் தளிரில் அதே பச்சை, பழுப்பு ஏறிய தண்டில் அதே பழுப்பு. தலை எது வால் எது என்று தெரியாது. எறும்புகள்தான் எனக்கு அடையாளம் காட்டின. எறும்பு கூடி நிற்கும் இடத்தில் புழு இருந்தது. கடிக்கின்றன என்று நினைத்து முதலில் ஊதிவிட்டேன். கடிக்கவில்லை. எறும்பு மீசையால் புழுவின் முதுகைத் தட்டும்; புழுவின் பின்பக்கத்திலிருந்து ஒரு சொட்டுத் துளிர்க்கும்; எறும்பு குடித்துவிட்டு நகரும்; அடுத்தது வரும். வேறு பூச்சி கிட்டே வந்தால் எறும்புகள் விரட்டின.

எனக்கு அதைவிட நல்ல விளையாட்டு எதுவும் அந்தத் தோட்டத்தில் இருக்கவில்லை. ஆகவே நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நசுக்கிவிடுவார். ரோஜாவில் புழு கண்டால் இரண்டு விரலால் நசுக்கிக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வார், பார்த்திருக்கிறேன். நான் தினமும் சோறு கொண்டுபோனேன், தினமும் பார்த்தேன், தினமும் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். மைலோ டின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தளிர்த் துண்டோடு எட்டுப் புழுக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அப்பாவுக்குத் தளிரின் நிறம் மாறுவது தெரிந்தது. புழு தெரியவில்லை, கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது, கண்ணாடியும் கிடையாது. சத்துப் போதவில்லை என்று நினைத்து, பம்பில் இலை உரத்தைக் கரைத்துப் பன்னிரண்டுக்கும் அடித்தார். இரண்டு நாளில் தளிர் முழுக்கக் கருகினது போல ஆயிற்று. சுரண்டப்பட்ட ஓலை வெயிலில் காய்ந்து, பழுப்பாகி, நார் நாராகத் தொங்கியது. அன்று நான் கொண்டுபோன சோற்றை அவர் தொடவில்லை. பம்பைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து முகர்ந்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இனிப் பெரிய கிராணி. ஆபீசின் தலைமை எழுத்தர், தொரைக்கு அடுத்தவர். அதற்கு முந்தைய தீபாவளிக்கு முன்னால் அவருடைய மனைவி பங்களாவிலிருந்து ஆர்கிட் தொட்டி இரண்டு வேண்டும் என்று அப்பாவிடம் ஆள் அனுப்பினார். தொரைசானி எண்ணி வைத்திருக்கிறார், தர முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதே மாதம் அப்பா கோலா குபு பாருவில் தம்பி கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டார். கிடைக்கவில்லை. லயத்துக் குழாயடியில் நாலு பேர் முன்னால் அவர் கோபமாகப் பேசியதும் உண்மை. "செடிக்கு ரெண்டு நாள் நான் இல்லன்னா செத்தா போயிரும்?" என்றார். உங்கள் பெற்றோர்தான் அந்த நாலு பேர்.

கருகிய ஓலையைத் தொரை பார்த்த அன்று பெரிய கிராணியும் கூட நின்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தமிழில் எல்லோர் காதிலும் விழும்படி, "லீவு குடுக்கலன்னு புல்லு மருந்த ஊத்திட்டான்" என்றார். வெட்டி எரிக்கச் சொன்னார். அப்பாவே வெட்டினார். பன்னிரண்டு செடியின் தளிரையும் மொட்டையாக வெட்டி, குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஓலைக்குள் புழுக்கள் இருந்தன. எனக்கு மட்டும் தெரியும். நான் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாரத்துக்கு மேலாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயத்தில் மரத்தை விட்டு நகரவில்லை.

விசாரணை அடுத்த வாரம் என்று சொன்னார்கள். அந்த ஒரு வாரத்தை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "விசத்த ஊத்துனவன் மக" என்றீர்கள். உங்களில் ஒருத்தி, இப்போது தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்பவள், என் தண்ணீர்ப் போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்து, "மருந்து வாட வருது லா" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். குழாயடியில் அம்மா வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அம்மா சும்மா இருப்பவர் அல்லர். "ஒங்க புருசனுங்க யோக்கியத எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். அதன் பிறகு நம் லயத்தில் யாரும் எங்களுக்கு உப்புக்கூடக் கடன் தரவில்லை. இதுதான் நீங்கள் எழுதும் ஒற்றுமை.

கட்டிலுக்கு அடியில் டின்னில் புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டன. உடம்பு சுருங்கி, தண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, கூடாக மாறின. நெல்லைவிடப் பருமனான பழுப்பு மணி, அதில் கறுப்புப் பொட்டு. தொட்டால் அசையாது. விசாரணை நாள் காலையில் கூடுகள் கறுத்து, தோலுக்குள் நீலம் தெரிந்தது. பள்ளிக்குப் போகாமல் டின்னை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் வாசலில் கூட்டம். உள்ளே மேசைக்குப் பின்னால் தொரை. வந்து சில மாதமே ஆன வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. பக்கத்தில் பெரிய கிராணி. தொழிற்சங்கத்துக்காரர் சுவரோரம். நடுவில் அப்பா, தலையில் கட்டும் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

தொரை ஏதோ கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "மருந்து ஊத்துனியான்னு தொரை கேக்குறாரு."

அப்பா, "வேணும்னு செய்யலைங்க. ஆனா என் கையால நடந்திருக்கும்ங்க. எனக்கே தெரியாம நடந்திருக்கும்" என்றார்.

கிராணி தொரையைப் பார்த்துத் திரும்பினார். "ஹீ அட்மிட், சார்" என்றார். அவ்வளவுதான். அப்பா சொன்ன மூன்று வாக்கியத்துக்கு மூன்று சொல். அட்மிட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் தொரை பேனாவைத் திறந்தது தெரிந்தது.

நான் கூட்டத்துக்குள் நுழைந்து மேசைக்குப் போய் டின்னை வைத்தேன். "இந்தப் புழுதான் தின்னுச்சு! அப்பா ஒண்ணும் பண்ணல! இந்தப் புழுதான்!"

மூடியைத் திறந்தேன். உள்ளே புழு இல்லை. எட்டில் ஐந்து கூடுகள் வெறும் தோலாக இருந்தன. ஐந்து நீலப் பூச்சிகள் ஓலையில் இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் ஒன்று பறந்து தொரையின் காகிதத்தில் உட்கார்ந்தது.

தொரை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "வெரி பிரெட்டி" என்றார்.

கிராணியும் சிரித்தார். "இம்மாத்துண்டு பூச்சியா பன்னெண்டு மரத்தத் தின்னுச்சு? எங்க புடிச்ச இத?"

"பங்களா ஈச்சையில."

"எப்ப?"

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அந்தச் சொல் வந்தது.

"நேத்து."

"நேத்தா? போன வாரமே எலைய வெட்டி எரிச்சாச்சே. நேத்து அங்க ஏது எலை?"

கூட்டம் சிரித்தது. சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்கள் யார் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அப்பா கிட்டே வந்து டின்னை மூடி என் கையில் கொடுத்தார். "அப்பாவுக்காகப் பொய் சொல்லாத பாப்பா. நீ வீட்டுக்குப் போ" என்றார்.

வேலை போனால் லயத்து வீடும் போகும். இரண்டு வாரம் தவணை கொடுத்தார்கள். தொழிற்சங்கத்துக்காரர் வந்து, "அவனே ஒத்துக்கிட்டானே, நான் என்னத்தப் பேச?" என்றார். லோரியில் சாமான் ஏற்றின நாளில் வரிசையில் எல்லாக் கதவும் திறந்தே இருந்தன. எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அம்மாவும் நானும் அரிசி அண்டாவைத் தூக்க முடியாமல் இரண்டு முறை கீழே வைத்தோம். ஒரு கை வரவில்லை.

கலும்பாங்கில் மரப்பலகை வீடொன்றில் குடியேறினோம். அப்பா மர ஆலையில் பலகை தூக்கப் போனார். ஒன்பது மாதம் கழித்துச் சந்தையில் அம்மாவைப் பார்த்த ஒரு பெண், போகிற போக்கில் சொன்னார்: பங்களா ஈச்சை மறுபடி தளிர்விட்டதாம், மறுபடி அதே மாதிரி கருகிற்றாம். அப்பா இடத்தில் வேலைக்கு வந்திருந்தவர் கிராணி மனைவியின் சொந்தக்காரர். அவரை யாரும் விசாரிக்கவில்லை. தோட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. உங்கள் அப்பாக்கள், அம்மாக்கள், நீங்கள். கலும்பாங்குக்கு பஸ் இருந்தது, அரை மணி நேரப் பயணம். ஒருவராவது ஏறி வந்து, உன் மேல் தப்பில்லையாம் என்று என் அப்பாவிடம் சொன்னீர்களா? அம்மா வீட்டுக்கு வந்து சொன்னபோதும் அப்பா நம்பவில்லை. "பம்ப கழுவியிருக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டின் முன்னால் பத்தடிக்குப் பத்தடி மண் இருந்தது. கருவேப்பிலை வைக்கலாம் என்றார் அம்மா. அப்பா ஆலையிலிருந்து மிஞ்சிய சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முழுவதையும் பூசி மெழுகிவிட்டார்.

நான் வளர்ந்தேன், கல்யாணமானது, புக்கிட் பெருந்துங்கில் வீடு வாங்கினோம். அப்பா மீது எனக்கு ஆறாத கோபம் இருந்தது. கிராணி மீது இருந்ததைவிட அதிகம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தன்னையே காட்டிக்கொடுத்த கோழை என்று பல வருஷம் மனதுக்குள் அவரை ஏசியிருக்கிறேன்.

நாற்பது வயதில் ஒரு நாள் வாசலுக்குச் செடி வாங்கப் போனேன். சாலையோரச் செடிக்கடையில் வரிசையாக அதே ஈச்சை, தொட்டியில். கடைக்காரச் சீனர் தளிருக்குக் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். நீலமாக ஒரு சின்ன குப்பு-குப்பு, அதாவது வண்ணத்துப்பூச்சி, தளிரில் முட்டை வைக்கும். பத்து நாளில் ஓலை முழுக்கப் போய்விடும். மருந்து பட்டுக் கருகினது போலத்தான் இருக்கும். முற்றின ஓலையை அது தொடாது என்றார். எல்லாச் செடிக்கடைக்காரருக்கும் தெரிந்த விஷயமாம். வலையை விலக்கி, உள்ளே தப்பியிருந்த ஒரு புழுவையும் காட்டினார். பின்னால் எறும்புகள் நின்றன.

அந்த ஓலையை வாங்கிக்கொண்டு நேராகக் கலும்பாங்குக்குப் போனேன். அம்மா இறந்து இரண்டு வருஷம். அப்பா தனியாக இருந்தார். இப்போது அவருக்குக் கண்ணாடி இருந்தது. போட்டுக்கொண்டு வெகு நேரம் புழுவைப் பார்த்தார்.

"அப்ப பம்பு இல்லியா?" என்றார்.

அப்போதுதான் கேட்டேன், பம்பில் என்ன என்று. மெல்லச் சொன்னார். பங்களாவில் இரண்டு பம்பு. ஒன்று உரத்துக்கு, ஒன்று புல் மருந்துக்கு. யாரோ மாற்றி எடுத்துக் கழுவாமல் வைத்துவிட்டார்கள், அதில்தான் உரத்தைக் கரைத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். தானே பன்னிரண்டு செடியையும் கொன்றதாக முப்பது வருஷம் நம்பியிருக்கிறார்.

என் கோபம் அடங்கவில்லை. "நான் டின்ன கொண்டாந்து காட்டுனேனே. கிராணி நம்பல, சரி. நீங்களாவது நம்பியிருக்கலாம்ல?"

"நேத்து புடிச்சேன்னு சொன்னியே. நேத்து எல ஏது?"

"அது பொய்ப்பா. பயத்துல சொன்னேன். தளிரு வந்த நாள்லருந்து எனக்குத் தெரியும். முட்ட வச்சதையே பாத்தேன். சொன்னா நீங்க நசுக்கிருவீங்கன்னு சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மொத நாளே தெரியுமா?"

"ஆமா."

"நான் உரம் அடிக்கிறப்பவும் தெரியுமா?"

"ஆமாப்பா."

"எரிக்கிறப்பவும்?"

நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது பத்து வயது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அப்பா எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே வருவார் என்று மாலை வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்து எடுத்துப்போனேன். அவரே வந்து கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"வாங்க" என்றார். "ஒக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

யாரையோ சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஞாயிறு தவறாமல் போனேன். ஒரு முறைகூட அவர் என்னைப் பாப்பா என்றோ நீ என்றோ கூப்பிடவில்லை.